புது டெஸ்க்டாப் வந்தாலே லினக்ஸ்காரர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?

க்னோமோ கே.டி.இ. பிளாஸ்மாவோ புதுப் பதிப்பு வெளிவந்த அன்று இணையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு வகை ஆட்கள்தான் கண்ணில் படுவார்கள். ஒருவர் இதைவிட நல்ல டெஸ்க்டாப் உலகத்திலேயே இல்லை என்பார். இன்னொருவர் எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டார்கள், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்பார். இரண்டு பேரும் போட்டிருப்பது ஒரே மென்பொருள். போன வாரம்தான் லினக்ஸ் நிறுவிய ஒருவர் இதைப் படித்தால் மேம்படுத்துவதா, பழையதிலேயே இருப்பதா, யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று குழம்பத்தான் செய்வார். இந்தக் கூச்சலுக்குள் பெரும்பாலும் மூன்று வேறு வேறு புகார்கள் கலந்து கிடக்கின்றன: ஒன்று உடைந்துவிட்டது, ஒன்று இடம் மாறிவிட்டது, ஒன்று காணாமலே போய்விட்டது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு முன்னால் டெஸ்க்டாப் சூழல் என்றால் என்ன என்பது தெரிந்தாக வேண்டும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விண்டோஸில் கீழே இருக்கும் பட்டை, ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ், ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறி எல்லாமே மைக்ரோசாஃப்ட் கொடுப்பவை. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தோன்றக்கூடத் தோன்றாது. லினக்ஸில் இவையெல்லாம் தனி மூட்டை. லினக்ஸ் என்று கறாராகச் சொன்னால் அது கெர்னல் மட்டும்தான், அதாவது வன்பொருளோடு பேசும் அடிப்பகுதி. அதற்கு ஜன்னலும் தெரியாது, மெனுவும் தெரியாது. பட்டை, மெனு, கோப்பு மேலாளர், அமைப்புகள், அறிவிப்புகள், பூட்டுத்திரை, ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டும் நிரல் என்று கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும் ஒரு குழு ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து கொடுக்கிறதே, அந்த மொத்தத்துக்குப் பெயர்தான் டெஸ்க்டாப் சூழல். உபுண்டு என்ற ஒரே லினக்ஸ் தொகுப்பை க்னோமோடும் வாங்கலாம், பிளாஸ்மாவோடு குபுண்டு என்றும் வாங்கலாம், எக்ஸ்எஃப்சிஇ-யோடு சுபுண்டு என்றும் வாங்கலாம். அடியில் ஓடுவது ஒன்றுதான்.

இவற்றில் பெரிய குடும்பங்கள் இரண்டு. 1996 அக்டோபரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஷ் தொடங்கியது கே.டி.இ. அது நம்பியிருந்த க்யூட்டி என்ற நூலகத்தின் (ஜன்னல், பொத்தான் போன்றவற்றை வரைய நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) உரிமம் அப்போது முழுச் சுதந்திரமாக இல்லை, அது பலருக்கு உறுத்தியது. 1997 ஆகஸ்டில் மெக்சிகோக்காரர்களான மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் அதற்கு மாற்றாக க்னோமைத் தொடங்கினார்கள். ஆக, க்னோம் பிறந்ததே இன்னொரு டெஸ்க்டாப் மீதான அதிருப்தியில்தான். பிற்காலத்தில் அதன் மீதே அத்தனை அதிருப்தி வந்து விழுந்ததை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது. க்னோம்காரர்களோ கே.டி.இ.காரர்களோ எழுதுவது நேராக உங்கள் கணினிக்கு வருவதில்லை. நடுவில் டிஸ்ட்ரோ இருக்கிறது, அதாவது கெர்னலையும் டெஸ்க்டாப்பையும் மற்ற நிரல்களையும் சேர்த்துக் கட்டித் தரும் உபுண்டு, டெபியன் மாதிரியான தொகுப்பு. ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்பவருக்குப் புதுப் பதிப்பு சில நாட்களிலோ வாரங்களிலோ வந்துவிடும். டெபியன் நிலைப்பதிப்பு வைத்திருப்பவர் வருடக்கணக்கில் காத்திருப்பார். பிளாஸ்மா 6.0 வெளிவந்தது 2024 பிப்ரவரி 28 அன்று. டெபியன் நிலைப்பதிப்பில் பிளாஸ்மா 6 வந்தது 2025 ஆகஸ்டில், டெபியன் 13-ஓடு, அதுவும் 6.3 ஆக. முதல் நாள் கத்தியவர் பார்த்த வழுக்களில் ஒரு பெரும் பங்கை டெபியன்காரர் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். எனவே யாராவது திட்டினால் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பதிப்பு, எந்த டிஸ்ட்ரோ என்பதுதான்.

சரி, கதைக்கு வருவோம்.

உடைந்தது

கே.டி.இ. 4.0 வெளிவந்தது 2008 ஜனவரி 11. அதற்கு முந்தைய 3.5 பல வருடம் செதுக்கி வழவழப்பாக்கியது, அதை வைத்திருந்தவர்களுக்கு அதில் குறையே தெரியவில்லை. 4.0 வந்தபோது அடித்தளமே மாறியிருந்தது: க்யூட்டி 4, அதன் மேல் பிளாஸ்மா என்ற புத்தம்புது டெஸ்க்டாப். கீழ்ப்பட்டையின் உயரத்தை மாற்றக்கூட அமைப்புகளில் வழி இல்லை. நிரல்கள் அடிக்கடி விழுந்தன. திரையின் மேல் மூலையில் முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு பொத்தான் உட்கார்ந்திருந்தது, அதை எடுக்கவும் முடியாது. அதன் மேல் இருந்த வெறுப்பில், அதை மறைப்பதற்கென்றே ஒருவர் ஒரு குட்டி நிரல் எழுதி, முந்திரியை வெறுக்கிறேன் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்!

கே.டி.இ. குழு சொன்ன சமாதானம் இது: 4.0 என்பது 4 வரிசையின் தொடக்கம் மட்டும்தான், நிரல் எழுதுபவர்களும் ஆர்வமுள்ளவர்களும் எடுத்துப் பார்ப்பதற்காக வெளியிட்டது, அன்றாட வேலைக்கு 3.5 இருக்கவே இருக்கிறது. உண்மையில் 3.5-க்கும் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அதே குழு 4.0-ஐக் கொண்டாட கலிஃபோர்னியாவில் கூகுள் வளாகத்தில் விழாவும் எடுத்தது. விழா எடுத்துவிட்டு இது உங்களுக்கில்லை என்றால் யார் கேட்பார்கள்? எண்ணுக்குப் பின்னால் புள்ளி பூஜ்யம் போட்டால் எழுதியவருக்கு அது ஆரம்பம், வாங்குபவருக்கு அது முடிந்த பொருள். இந்த வேறுபாட்டைச் சாதாரணப் பயனர் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

டிஸ்ட்ரோக்கள் இதை வேறு வேறு மாதிரி கையாண்டன, அனுபவங்களும் அப்படியே பிரிந்தன. அந்த வருடம் மே மாதம் வந்த ஃபெடோரா 9, கே.டி.இ. 3 டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு நேராக 4.0-க்குத் தாவியது. ஓபன்சூசே 11.0 இரண்டையும் கொடுத்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. குபுண்டு 8.04 இரண்டு தனித்தனி வட்டுகளாக வந்தது, நீண்டகால ஆதரவு என்ற முத்திரையையும் அந்த முறை விட்டுக்கொடுத்தது. ஃபெடோராவில் இருந்தவரின் கோபத்துக்கும் ஓபன்சூசேயில் இருந்தவரின் நிதானத்துக்கும் காரணம் கே.டி.இ. மட்டும் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

இந்த வகைப் புகாரின் குணம், அது தீரக்கூடியது. 2008 ஜூலையில் 4.1, 2009 ஜனவரியில் 4.2. அந்த 4.2-க்கு அவர்களே வைத்த செல்லப்பெயரின் பொருள் 'விடை'. யாருக்கான விடை என்று சொல்லத் தேவையில்லை. அதற்குள் சிலர் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. லினக்ஸ் கெர்னலை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸே அதில் ஒருவர். 2005-இல் க்னோம் பயனர்களை முட்டாள்களாக நினைக்கிறது, கே.டி.இ. பக்கம் போங்கள் என்ற ரீதியில் பேசியவர், கே.டி.இ. 4 தாங்காமல் க்னோமுக்கே மாறினார். அவர் கதை இதோடு முடியவில்லை, திரும்பவும் வருவார்.

இடம் மாறியது, காணாமல் போனது

2011 ஏப்ரல் 6, க்னோம் 3.0. லினக்ஸ் டெஸ்க்டாப் வரலாற்றில் இதைவிடப் பெரிய பயனர் எதிர்ப்பு ஒன்று எனக்குத் தெரிந்து கிடையாது. வேடிக்கை என்னவென்றால் இதில் உடைந்தது அவ்வளவாக இல்லை. செய்ய நினைத்ததை அவர்கள் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். பிரச்சினை அவர்கள் செய்ய நினைத்ததில்தான்.

க்னோம் 2-இல் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேலே மெனு, கீழே திறந்திருக்கும் ஜன்னல்களின் வரிசை. விண்டோஸிலிருந்து வந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். க்னோம் 3-இல் கீழ்ப்பட்டை கிடையாது. மெனு கிடையாது, அதற்குப் பதில் விண்டோஸ் விசையை அழுத்தினால் எல்லா ஜன்னல்களும் பரவி நிற்கும் ஒரு மேலோட்டக் காட்சி வரும், அங்கே நிரலின் பெயரைத் தட்டச்ச வேண்டும். ஜன்னலைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் போய் மூடும் பொத்தான் மட்டும் மிஞ்சியது. டெஸ்க்டாப்பில் கோப்புகளை வைக்க முடியாது. எழுத்துருவை மாற்ற, லேப்டாப் மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல, தனியாக ஒரு ட்வீக் கருவியை நிறுவ வேண்டும். அப்புறம் அந்தப் பிரசித்தி பெற்ற விஷயம்: கணினியை அணைக்க மெனுவைத் திறந்தால் 'உறக்கம்' மட்டும்தான் தெரியும், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டால்தான் 'அணை' தெரியும். இது எங்கும் எழுதிக் காட்டப்பட்டிருக்கவில்லை.

இந்தப் பட்டியலிலேயே இரண்டு வகை கலந்திருக்கிறது, கவனியுங்கள். மெனுவுக்குப் பதில் மேலோட்டக் காட்சி என்பது இடமாற்றம். சமையலறையில் யாரோ அஞ்சறைப்பெட்டியை வேறு அலமாரிக்கு மாற்றிய மாதிரி, கை பழைய இடத்துக்கே போகும், எரிச்சல் வரும், ஆனால் சில வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். இன்று க்னோமை விரும்பிப் பயன்படுத்துபவர்கள் அதிகம் புகழ்வது இந்த மேலோட்டக் காட்சியைத்தான், எனக்கும் பிடித்தது அதுதான். மூடியைச் சாத்தினால் நடப்பதை மாற்றும் அமைப்பை எடுத்தது அப்படிப்பட்டதில்லை. அந்த அமைப்பை நம்பியிருந்தவருக்கு எத்தனை வாரம் பழகினாலும் அது திரும்பி வராது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து, மாற்றம் என்றாலே மனிதர்களுக்குப் பிடிக்காது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். டெவலப்பர்களும் சில சமயம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பழகாதவரின் முணுமுணுப்புக்கும் தன் வேலையே நின்றுபோனவரின் புகாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அணைக்கும் பொத்தானை ஒளித்தது எந்தக் கணக்கிலும் சேராது, அது வெறும் பிடிவாதம். 2012 செப்டம்பரில் 3.6-இல் அது திரும்பி வந்தது.

டோர்வால்ட்ஸ் மறுபடி கிளம்பினார். 2011-இல் க்னோம் 3-ஐக் கடுமையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனார், அது க்னோம் 2-ஐவிட ஒரு படி கீழே, ஆனால் 3-ஐவிட எவ்வளவோ மேல் என்று சொன்னார். 2013-இல் பார்த்தால் மனிதர் திரும்ப க்னோம் 3-இல் இருக்கிறார், நீட்சிகளைப் போட்டுத் தனக்கு வேண்டியதை மீட்டுக்கொண்டு. நீட்சி என்றால் வேறு யாரோ எழுதிய சிறு நிரல், க்னோமின் நடத்தையை மாற்றும். 2011 டிசம்பரில் இவற்றுக்கென்று ஒரு தளமே வந்தது. ஒரே மனிதர், எட்டு வருடத்தில் கே.டி.இ., க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, மீண்டும் க்னோம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் நேர்மையான கருத்துதான். ஆனால் 2011-இல் அவர் எழுதியதைப் படித்துவிட்டு 2014-இல் முடிவெடுத்தவருக்கு அது உதவியிருக்காது. எதிர்வினைக்குக் காலாவதித் தேதி உண்டு.

உபுண்டு தனக்கென்று செய்துகொண்ட டெஸ்க்டாப்பான யூனிட்டியையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உபுண்டு 2010-இல் ஜன்னல் பொத்தான்களை வலமிருந்து இடத்துக்கு நகர்த்தியது. பயனர்கள் சண்டைக்குப் போனபோது உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், இது ஜனநாயகம் இல்லை, வாக்கெடுத்து வடிவமைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2011 ஏப்ரலில் உபுண்டு 11.04 தன் சொந்த யூனிட்டியோடு வந்தது. அதாவது ஒரே மாதத்தில் க்னோம் பக்கம் போனாலும் புதுசு, உபுண்டு பக்கம் போனாலும் புதுசு. 2012-இல் உபுண்டுவின் தேடலில் அமேசான் பொருட்கள் வந்து நின்றபோது கோபம் வேறு தினுசானது, அது வடிவமைப்பைப் பற்றியதே இல்லை, அந்தரங்கம் பற்றியது. 2017 ஏப்ரலில் யூனிட்டியைக் கைவிடுகிறோம் என்று அறிவித்தார்கள், உடனே இன்னொரு கூட்டம் ஐயோ வேண்டாம் என்றது. முன்பு திட்டியவர்களே பின்பு அழுதார்கள் என்று இதைக் கேலி செய்வார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. திட்டியவர்கள் எப்போதோ வெளியேறியிருப்பார்கள், மிச்சமிருந்தவர்கள் பிடித்து இருந்தவர்கள்.

பழையதிலேயே இருந்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. பிடிக்காவிட்டால் மேம்படுத்தாமல் இருக்க வேண்டியதுதானே?

நடைமுறையில் அது கஷ்டம். டிஸ்ட்ரோவுக்கு ஆதரவுக்காலம் முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். புது டிஸ்ட்ரோவில் பழைய டெஸ்க்டாப் இருக்காது, ஏனென்றால் அது சார்ந்திருக்கும் நூலகங்களும் மாறியிருக்கும். க்னோம் 2 ஜிடிகே 2 என்ற நூலகத்தை வைத்து எழுதப்பட்டது, க்னோம் 3 ஜிடிகே 3-இல். இரண்டு க்னோமிலும் நிரல்களின் பெயர்கள் ஒன்றாகவே இருந்ததால் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் நிறுவவும் முடியவில்லை. பயனரின் பார்வையில் இது வீட்டுக்குள் புகுந்து செய்த மாற்றம். கோபத்தில் ஒரு தனிச் சூடு இருப்பது இதனால்தான்.

ஆனால் மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எனவே லினக்ஸில் எதிர்வினை வெறும் புலம்பலோடு நிற்க வேண்டியதில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு ஆர்ச் லினக்ஸ் பயனர் க்னோம் 2-இன் மூலநிரலை எடுத்துத் தொடர ஆரம்பித்தார். தென் அமெரிக்காவில் குடிக்கும் பானம் ஒன்றின் பெயரை வைத்து அதற்கு மாட்டே என்று பெயர். பெயர் மோதலைத் தவிர்க்க உள்ளே இருந்த நிரல்களுக்கும் புதுப்பெயர் வைத்தார்கள், நாட்டிலஸ் காஹா ஆனது, ஜிஎடிட் ப்ளூமா ஆனது. லினக்ஸ் மின்ட் வேறு வழியில் போனது: முதலில் க்னோம் 3-இன் மேல் நீட்சிகளைப் போட்டுப் பழைய மெனுவைக் கொண்டுவந்தார்கள், அது போதவில்லை என்றதும் க்னோம் 3-இன் பட்டையையும் மேலோட்டக் காட்சியையும் வரையும் க்னோம் ஷெல்லையே பிரித்தெடுத்து சின்னமன் என்று தனி டெஸ்க்டாப் ஆக்கினார்கள். 2012 மே மாதம் வந்த மின்ட் 13 இந்த இரண்டோடும் கிடைத்தது. கே.டி.இ. பக்கத்திலும் 3.5-ஐ விடாதவர்கள் டிரினிட்டி என்று ஒன்றைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது, விலையும் இருக்கிறது. பிரித்தெடுத்தவர் அந்தச் சுமை முழுவதையும் தோளில் ஏற்றிக்கொள்கிறார். மாட்டே ஜிடிகே 3-க்கு முழுமையாக மாறி முடித்தது 2017-இல், 1.18 பதிப்பில். பழையதை அப்படியே காப்பாற்றுவதற்காகத் தொடங்கியதற்கு அடித்தளத்தை மாற்ற அத்தனை வருடம் பிடித்தது. நானும் ஒன்றைப் பிரித்தெடுப்பேன் என்று கோபத்தில் எழுதுபவர்களில் மிகச் சிலர்தான் அடுத்த வருடமும் அங்கே இருப்பார்கள்.

திட்டு வாங்கியவர்கள் எதுவும் கற்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. க்னோம் 3.38-க்குப் பிறகு 4.0 வரவில்லை, நேராக 40 வந்தது (2021 மார்ச்). அப்போது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: இனிமேல் அடித்தளத்தையும் தோற்றத்தையும் ஒரே நேரத்தில் புரட்டிப்போட்டு ஒரு பெரிய எண்ணை ஒட்டுவதாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றப்போகிறோம். 40-இல் வேலைப்பரப்புகளை (ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி திரைகள்) மேலிருந்து கீழாக அடுக்கியதை இடமிருந்து வலமாக மாற்றினார்கள், அதற்கு முன் பயனர்களை வைத்து ஆய்வும் நடத்தினார்கள். முணுமுணுப்பு இருந்தது, 2011 மாதிரி இல்லை.

அண்மைக்கால உதாரணம்: பிளாஸ்மா 6

கே.டி.இ. கற்ற பாடம் பிளாஸ்மா 6-இல் தெரிகிறது. க்யூட்டி 6, வேலாண்ட் என்று அடியில் பெரிய மாற்றங்கள், கண்ணுக்கோ கிட்டத்தட்ட பிளாஸ்மா 5 மாதிரியேதான். மேலே தெரிந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: பட்டை விளிம்பிலிருந்து கொஞ்சம் விலகி மிதந்தது, கோப்புகளைத் திறக்க ஒரு கிளிக் போதும் என்றிருந்த கே.டி.இ. இரண்டு கிளிக்குக்கு மாறியது. இரண்டையும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். எனவே பெரும் கலவரம் எதுவும் இல்லை.

ஆனால் திரை மினுக்குகிறது, ஜன்னல்கள் துடிக்கின்றன என்று புகார்கள் குவிந்தன. யாரெல்லாம் என்று பார்த்தால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள். வேலாண்ட் என்பது நிரல்கள் திரைக்குப் படம் அனுப்பும் புது முறை, பழைய எக்ஸ்11-க்கு மாற்று. பிளாஸ்மா 6 அதை இயல்பாக்கியது. படம் வரைந்து முடிந்துவிட்டதா என்று நிரலும் டிரைவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முறையில் என்விடியா டிரைவருக்கும் மற்றவற்றுக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் பாதி வரைந்த படம் திரைக்கு வந்தது. 2024 நடுவில் பிளாஸ்மா 6.1-உம் என்விடியாவின் 555 டிரைவரும் வந்த பிறகு அது பெருமளவு தீர்ந்தது. பிளாஸ்மா 6 குப்பை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஏஎம்டி வைத்துக்கொண்டு எனக்கு வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றவரும் பொய் சொல்லவில்லை. அட்டையின் பெயரை எழுதாமல் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டதுதான் வீண்.

அதே 2024 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. கே.டி.இ. கடையிலிருந்து ஒரு முழுத் தீமை இறக்கிப் போட்ட பயனர் ஒருவரின் கோப்புகள் அழிந்தன. தீம் என்றால் வெறும் நிறமும் படமும் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம், பிளாஸ்மாவின் முழுத் தீம்களுக்குள் ஓடக்கூடிய நிரலும் வரலாம், அவை வெளியாட்கள் ஏற்றுபவை என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு கே.டி.இ. எச்சரிக்கைகளைக் கூட்டியது. புது டெஸ்க்டாப் போட்ட சந்தோஷத்தில் முதல் வேலையாகத் தீம் தேடிப் போகிறவர்கள் இதை மனதில் வைக்கவும்.

க்னோம் பக்கத்தில் இதற்கு இணையான தொல்லை நீட்சிகள். நீட்சி க்னோம் ஷெல்லின் உள்ளுறுப்புகளை நேராகத் தொடுகிறது, உள்ளே ஏதாவது மாறினால் நீட்சி செத்துப்போகும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-இல் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை இணைக்கும் முறையையே மாற்றினார்கள், அதனால் இருந்த அத்தனை நீட்சிகளையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. க்னோமைப் பொறுத்தவரை தங்கள் டெஸ்க்டாப் என்பது நீட்சி இல்லாத டெஸ்க்டாப். பட்டைக்கும் மெனுவுக்கும் நீட்சியை நம்பி இருப்பவருக்கோ புதுப் பதிப்பு வரும் ஒவ்வொரு மார்ச்சும் செப்டம்பரும் கண்டம்தான். பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவைச் செய்யும் சிஸ்டம்76 நிறுவனம் இப்படி நீட்சிகளின் மேல் தங்கள் டெஸ்க்டாப்பைக் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ரஸ்ட் மொழியில் காஸ்மிக் என்று தனியாக ஒன்றையே எழுதிவிட்டார்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, இது ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர்கள் கண்ணில் படவே படாது. க்னோமில் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99-ஐச் சேர்த்தால் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி தானாக வேலை செய்யும், 3.6 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இணைந்திருக்கிறது. பிளாஸ்மாவில் எக்ஸ்11-இலிருந்து வேலாண்டுக்கு மாறும்போது தமிழ் விசைப்பலகை திடீரென்று ஊமையாகிவிடலாம். உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அமைப்புகளில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்துக்குப் போய் ஐபஸையோ அதே வேலையைச் செய்யும் எஃப்சிடிக்ஸ் 5-ஐயோ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் அது தொடுதிரைக்கானது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சத்தத்தின் அளவை நம்பலாமா

நம்ப முடியாது, காரணம் எளிது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அதில் எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. லினக்ஸ்காரர்களுக்குத் தங்களைக் கண்காணிக்கும் மென்பொருள் பிடிக்காது, எனவே கே.டி.இ.-யில் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவது நீங்களாக இயக்கினால்தான் உண்டு. க்னோம் 2022-இல் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் ஓட்டி உங்கள் அமைப்புகளை அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தது. அப்படித் தேடி வந்து அனுப்புபவர் ஏற்கெனவே ஆர்வலர். பள்ளி ஆய்வகத்தில் க்னோமில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கேயும் எதுவும் எழுதப்போவதில்லை.

எக்ஸ்எஃப்சிஇ-யைப் பாருங்கள். 4.12 வந்தது 2015 பிப்ரவரியில், அடுத்த 4.14 வந்தது 2019 ஆகஸ்டில். 4.18-க்கும் 4.20-க்கும் நடுவே சரியாக இரண்டு வருடம், 2022 டிசம்பரிலிருந்து 2024 டிசம்பர் வரை. ஒவ்வொரு முறையும் நாலு பேர் நன்றாயிருக்கிறது என்பார்கள், விஷயம் முடிந்தது. மாற்றாத டெஸ்க்டாப்பைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். வேலைக்கு ஒரே கணினிதான் என்றால் புள்ளி பூஜ்யத்தை விட்டுவிடுங்கள். பிளாஸ்மாவில் .1 ஒரு வாரத்தில் வரும், .2 அடுத்த வாரம், அப்புறம் இடைவெளி இரண்டு, மூன்று, ஐந்து வாரம் என்று நீளும். முதல் இரண்டு திருத்தங்களில் பெரிய ஓட்டைகள் அடைபட்டுவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லையா, புது ஃபெடோராவை ஒரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள், உங்கள் அட்டையில் திரை மினுக்குகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினியில் ஏற்கெனவே க்னோம் இருக்க பிளாஸ்மாவையும் நிறுவி, உள்நுழையும் திரையின் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி மாறி மாறிப் பார்க்கவும் செய்யலாம். அப்படிச் செய்வதானால் சோதனைக்கென்று இன்னொரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழையுங்கள். இரண்டு டெஸ்க்டாப்பும் ஒரே கணக்கின் அமைப்புக் கோப்புகளில் கை வைத்தால் ஐகான்களும் எழுத்துருக்களும் ஒன்றுக்கொன்று மாறிக் கிடக்கும், எது எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.